சண்டை கிளப்பும் மசோதாவுக்கு நடுநிலைக் குறிப்பு எழுதுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

எம்.பி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது ஒரு கட்சியின் ஆய்வுப் பிரிவில், இல்லை டிவி விவாதத்துக்குத் தகவல் திரட்டும் வேலையில். "இந்த மசோதாவைப் பத்தி ரெண்டு பக்கத்துல ஒரு நோட் போடுங்க, நாளைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால் பாதிப் பேர் நாடு உருப்பட இதுதான் ஒரே வழி என்கிறார்கள், மீதிப் பேர் ஜனநாயகமே முடிந்துபோச்சு என்கிறார்கள், இரண்டு தரப்பிலும் மசோதாவைப் படித்தவர்கள் யார் என்று தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணமாக ஒரே மசோதாவைக் கடைசிவரை எடுத்துக்கொள்ளலாம்: "ஒரே நாடு ஒரே தேர்தல்" என்று எல்லோரும் சொல்கிற, மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வழிசெய்யும் அரசியலமைப்பு (129-ஆவது திருத்த) மசோதா, 2024. இதை நான் ஆதரிக்கிறேனா எதிர்க்கிறேனா என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

எங்கே தேடுவது

சர்ச்சைக்குரிய விஷயங்களில் சட்டம் இயற்றுபவர்களுக்குச் சாய்வில்லாத குறிப்பு வேண்டும் என்பது பழைய தேவை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1914-லேயே இதற்கென்று ஓர் ஆய்வுப் பிரிவைத் தன் நூலகத்துக்குள் வைத்துக்கொண்டது. காங்கிரஸ் ஆய்வுச் சேவை என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பிரிவு, இரண்டு கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே அறிக்கையைத்தான் கொடுக்கும், "இதைச் செய்யுங்கள்" என்று பரிந்துரைக்காது. வேடிக்கை என்னவென்றால், மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் அந்த அறிக்கைகளைப் பொதுமக்களுக்கு நேரடியாகத் தர வேண்டும் என்று சட்டம் வந்தது 2018-ல்தான். பிரிட்டனில் காமன்ஸ் சபை நூலகம் இதே வேலையைச் செய்கிறது, அதன் குறிப்புகள் இணையத்தில் இலவசம், எளிய நடை, புதியவர்கள் எழுதிப் பழக அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில்? நம் எம்.பி.க்களுக்கு ஆய்வுக்கென்று தனிப் படை கிடையாது. நாடாளுமன்ற நூலகம் உறுப்பினர்களுக்குக் குறிப்புகள் தயாரித்துக் கொடுக்கிறது. வெளியே, டெல்லியில் 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு, நாடாளுமன்றத்துக்கு வரும் முக்கிய மசோதாக்களுக்குச் சுருக்கமும் ஆய்வுக் குறிப்பும் வெளியிடுகிறது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் உறுப்பினர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், செய்தியாளர்களும்தான். 2010 முதல் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து எம்.பி.க்களுக்கு ஆய்வு உதவியாளர்களாக அனுப்பும் லாம்ப் என்ற திட்டமும் அவர்களுடையதே, இந்த வேலையில் ஆர்வம் இருந்தால் அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

சரி, இவை எல்லாம் கையில் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக பி.ஆர்.எஸ். பக்கத்துக்குப் போய், சுருக்கத்தைத் தமிழில் மாற்றி, குறிப்பு தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தத் தளங்கள் உங்களை அசல் ஆவணங்களுக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் பலகைகள். பலகையை ஊர் என்று நினைத்து அங்கேயே இறங்கிவிடக் கூடாது.

முதலில் மசோதாவையே படியுங்கள்

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மசோதாவின் பெயரைப் போட்டால் அறிமுகப்படுத்தப்பட்ட வடிவம் கிடைக்கும். இந்த மசோதா நீளமே இல்லை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். முதலில் பிரிவுகள், அப்புறம்தான் பின்னால் இருக்கும் நோக்கக் காரண விளக்கவுரை. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் விளக்கவுரை என்பது அரசு தன் தரப்பைச் சொல்லும் இடம், அதை முதலில் படித்தால் பிரிவுகளை அந்தக் கண்ணாடி வழியாகவே பார்ப்பீர்கள்.

படிக்கும்போது ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள். என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது, யார் கையில் முடிவு இருக்கிறது.

என்ன மாறுகிறது: அரசியலமைப்பில் 82ஏ என்ற புதிய பிரிவு நுழைகிறது, 83, 172, 327 ஆகிய பிரிவுகள் திருத்தப்படுகின்றன. பொதுத் தேர்தலுக்குப் பின் மக்களவை முதல்முறை கூடும் நாளில் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிக்கை வெளியிடலாம், அதற்குப் பிறகு நடக்கும் தேர்தலில் அமையும் எல்லாச் சட்டமன்றங்களின் காலமும் அந்த மக்களவையின் ஐந்தாண்டோடு முடிந்துவிடும். மக்களவையோ சட்டமன்றமோ நடுவில் கலைந்தால் தேர்தல் நடக்கும், ஆனால் புதிதாக வருபவர்களுக்கு மிச்சமிருக்கும் காலம் மட்டும்தான்.

எப்போது என்ற கேள்விக்கு மசோதாவில் ஆண்டு எதுவும் எழுதப்படவில்லை, நாமேதான் கணக்குப் போட வேண்டும். 2029-க்கு முன் இது சட்டமாகி, அந்த ஆண்டு அமையும் மக்களவையின் முதல் கூட்ட நாளில் அறிவிக்கை வந்தால், ஒரே நேரத் தேர்தல் 2034-ல். தமிழகத்தின் வழக்கமான ஐந்தாண்டுச் சுற்றுப்படி 2031-ல் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றத்துக்கு மூன்று ஆண்டுதான் கிடைக்கும். பக்கம் பக்கமாகக் கூட்டாட்சித் தத்துவம் பேசுவதைவிட இந்த ஒரு வரி உங்கள் எம்.பி.க்கு உதவும்.

யார் கையில் முடிவு: ஒரு மாநிலத்தில் சேர்த்துத் தேர்தல் நடத்த முடியாது என்று தேர்தல் ஆணையம் கருதினால் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம், அந்தத் தேர்தலைத் தள்ளிவைக்கலாம். அப்படித் தள்ளிவைத்தாலும் அந்தச் சட்டமன்றத்தின் காலம் மக்களவையோடுதான் முடியும். இந்த அதிகாரம் எவ்வளவு விரிவானது என்பதுதான் உண்மையான விவாதம் நடக்கிற இடங்களில் ஒன்று.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். உள்ளாட்சித் தேர்தலும் இதில் அடக்கம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், மசோதாவில் அது இல்லை. இந்தத் திட்டத்தை ஆராய்ந்த, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு அதை இரண்டாம் கட்டமாக, மக்களவை, சட்டமன்றத் தேர்தல்கள் முடிந்த நூறு நாட்களுக்குள், மாநிலங்களின் ஒப்புதலோடு வேறொரு திருத்தமாகச் செய்யச் சொன்னது. குழு சொன்னது வேறு, மசோதாவில் வந்தது வேறு, இந்த இரண்டையும் குறிப்பில் கலக்கவே கலக்காதீர்கள்.

ஒவ்வொரு ஆவணத்தின் நெற்றியிலும் யார் எழுதியது என்று பாருங்கள்

இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். கோவிந்த் குழு 2023 செப்டம்பரில் மத்திய அரசு அமைத்தது, 2024 மார்ச் 14 அன்று அறிக்கை கொடுத்தது, 18,626 பக்கம். கனம் பார்த்து மயங்க வேண்டாம், பெரும்பகுதி பின்னிணைப்புகள். அரசு அமைத்த குழு என்பதால் அது பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் அதை நடுநிலை ஆதாரம் என்ற பட்டியலில் வைக்கவும் முடியாது, "அரசு அமைத்த குழு சொல்கிறது" என்று பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும். அதேபோல் 2024 பிப்ரவரி 14 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இந்தத் திட்டத்துக்கு எதிராக நிறைவேற்றிய தீர்மானம் ஒரு தரப்பின் ஆவணம். மாநில அரசுத் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளுக்கும் இதே விதி: எண்களை எடுக்கலாம், பெருமைகளை விட்டுவிடலாம்.

நடுநிலை என்று பெயர் எடுத்த தளங்களையும் இப்படியே சோதியுங்கள். "எங்களைப் பற்றி" பக்கத்தில் பணம் யார் தருகிறார்கள், நிர்வாகக் குழுவில் யார், தவறைத் திருத்தினால் வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரு தளத்தை ஒரு கட்சி திட்டினால் அது சாய்வுள்ளது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2012-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆய்வுச் சேவை, பணக்காரர்களுக்கான உச்ச வரி விகிதத்தைக் குறைத்ததற்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை என்று ஓர் அறிக்கை போட்டது. குடியரசுக் கட்சி செனட்டர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அறிக்கை திரும்பப் பெறப்பட்டது, தேர்தல் முடிந்து டிசம்பரில் மறுபடி வெளிவந்தது. நடுநிலை அமைப்புகள் எப்போதும் இப்படி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே யார் கோபப்பட்டார்கள் என்பதை விட்டுவிட்டு எந்த வரியைக் குறித்துக் கோபப்பட்டார்கள் என்று தேடிப் படியுங்கள், பெரும்பாலும் விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கும்.

எண்கள்: இங்கே நிதானமாக இருங்கள்

சண்டைகளில் அதிகம் வளைக்கப்படுவது எண்தான். மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. உடனே ஒரு பக்கம் "மசோதா நிறைவேறியது" என்றது, மறுபக்கம் "மசோதா தோற்றது" என்றது. இரண்டுமே தவறு. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், அது கிடைத்தது. நிறைவேற அரசியலமைப்பின் 368-ஆவது பிரிவின்படி சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அன்று வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 312. அதாவது அன்றைய கணக்குப்படி 43 குறைவு. குறிப்பில் இந்த இரண்டு வரி போதும், இதற்குமேல் யாரும் உங்கள் எம்.பி.யைக் குழப்ப முடியாது.

அடுத்தது, "மக்களில் 80 சதவீதம் ஆதரவு". கோவிந்த் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்தது, 21,558 பதில்கள் வந்தன, அவற்றில் 80 சதவீதம் ஆதரவு. எண் சரி, ஆனால் அது கருத்துக்கணிப்பு இல்லை, தாமாக முன்வந்து எழுதியவர்களின் கணக்கு. ஆகவே "வந்த 21,558 பதில்களில் 80 சதவீதம்" என்று முழுசாக எழுதுங்கள். கட்சிகள் விஷயத்திலும் அப்படித்தான்: கேட்டது 62 கட்சிகளிடம், பதில் சொன்னது 47, ஆதரவு 32, எதிர்ப்பு 15. கட்சிகளின் எண்ணிக்கை வேறு, அவற்றின் பின்னால் இருக்கும் வாக்குகள் வேறு.

செலவு இன்னும் சுவாரசியம். 2015 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று இதே விஷயத்தில் அறிக்கை கொடுத்தது, அதன் 79-ஆவது அறிக்கை. தேர்தல் ஆணையத்தை மேற்கோள் காட்டி, மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்தல் நடத்தும் செலவு சுமார் 4,500 கோடி ரூபாய் என்கிறது. அதே அறிக்கையில், ஒரே நேரத்தில் நடத்துவதென்றால் வாக்குப்பதிவு இயந்திரங்களும் ஒப்புகைச் சீட்டு இயந்திரங்களும் வாங்க சுமார் 9,284 கோடி தேவைப்படும் என்றும் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு போகிறார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாவதை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை. உங்கள் குறிப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரட்டும், அவை 2015-ஆம் ஆண்டு மதிப்பீடு என்ற வார்த்தையோடு.

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே மக்கள் வாக்கெடுப்புக்கு முன்னால் அரசு ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு விளக்கக் கையேடு அனுப்பும், நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2016-ல் திருமணமானவர்கள் கூடுதல் வரி கட்டுவதை நீக்கும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது, இருவரும் சம்பாதிக்கும் சுமார் 80,000 தம்பதிகள் பாதிக்கப்படுவதாக அரசு சொன்னது, யோசனை மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. உண்மையான எண் சுமார் 4,54,000 என்று பிறகு தெரிந்தது. 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது. அதிகாரபூர்வமான கையேடு, நல்ல அச்சு, நடுநிலை நடை எல்லாம் இருந்தும்.

பழைய அறிக்கைகளைத் தோண்டுங்கள்

ஒரு சர்ச்சை புதிதாக வெடித்தது போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் அதற்கு வயசு இருக்கும். 1999-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் ஒரே நேரத் தேர்தலைப் பற்றிப் பேசியிருக்கிறது. மேலே சொன்ன 2015 நிலைக்குழு இதைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவரலாம் என்றது, அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? தமிழகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன காங்கிரஸ் உறுப்பினர் சுதர்சன நாச்சியப்பன். இன்று காங்கிரஸ் இந்த மசோதாவை எதிர்க்கிறது. இதைக் கேலிக்கான சரக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிர்த்தரப்பு சபையில் கட்டாயம் இதை எடுத்துப் போடும், பதில் தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான்.

நிலைக்குழு, கூட்டுக்குழு அறிக்கைகளில் ஒரு தனிச் சுகம் உண்டு. இந்தத் துறைசார் நிலைக்குழுக்கள் 1993-ல் வந்தவை, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் மூடிய அறையில், டிவி கேமரா இல்லாமல், அதிகாரிகளைக் கேள்வி கேட்பார்கள். அறிக்கையின் கடைசியில் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் இருக்கும், எதிர்ப்பவரின் மிகச் சிறந்த வாதம் அவருடைய சொந்த வார்த்தைகளிலேயே கிடைக்கும் இடம் அது, நேராக அங்கே போனாலும் தப்பில்லை. ஒரே குறை, எல்லா மசோதாக்களும் குழுவுக்குப் போவதில்லை. பி.ஆர்.எஸ். கணக்குப்படி 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-ஆவது மக்களவையில் 16 சதவீதம். நம் மசோதா பா.ஜ.க. எம்.பி. பி.பி. சௌத்ரி தலைமையில் இரு சபை உறுப்பினர்களும் இருக்கும் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

வெளிநாட்டு அனுபவம் வேண்டுமென்றால் அளவாக எடுங்கள். மிச்சக் காலத்துக்கு மட்டும் தேர்தல் என்ற யோசனைக்கு சுவீடன் நல்ல உதாரணம், அங்கே இடையில் கூடுதல் தேர்தல் நடந்தாலும் வழக்கமான நான்காண்டுத் தேர்தல் தள்ளிப்போகாது. பிரிட்டன் 2011-ல் நாடாளுமன்றத்துக்கு நிலையான காலம் வைத்துச் சட்டம் போட்டு, 2022-ல் அதையே நீக்கிவிட்டது. ஆனால் இரண்டுமே நம்மைப் போன்ற கூட்டாட்சி நாடுகள் இல்லை என்ற ஒரு வாக்கியத்தையும் கூடவே எழுதிவிடுங்கள்.

இரண்டு தரப்பையும் எழுதும் இடம்

வழக்கமாக இங்கேதான் சறுக்கும். ஆதரவுக்கு ஐந்து, எதிர்ப்புக்கு ஐந்து என்று எண்ணி நிரப்பினால் நடுநிலை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் 2004-ல் தொடங்கி இப்போது பிரிட்டானிகா வசம் இருக்கும் புரோகான் என்ற தளம் இப்படி இரு பக்க வாதங்களையும் வரிசைப்படுத்தித் தரும், தொடங்குபவர்களுக்கு நல்ல பயிற்சிதான், மறுப்பில்லை. ஆனால் எல்லாக் கேள்விகளும் சரிபாதியாகப் பிரியாது. ஒரு பக்கம் ஆதாரம் வலுவாக இருந்தால் வலுவாக இருக்கிறது என்றுதான் எழுத வேண்டும்.

எது ஆதாரத்தால் தீரும் கேள்வி, எது மதிப்பீட்டால் தீரும் கேள்வி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். "அடிக்கடி தேர்தல் வந்தால் நிர்வாகம் பாதிக்கப்படுமா" என்பதற்கு ஓரளவு தரவு தேடலாம். "மாநிலச் சட்டமன்றத்தின் காலத்தை மக்களவையோடு கட்டிப்போடலாமா" என்பது மதிப்பீடு, எந்தத் தரவும் அதைத் தீர்த்து வைக்காது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். சேர்ந்து தேர்தல் வந்தால் மக்கள் இரண்டுக்கும் ஒரே பக்கம் வாக்களிப்பார்களா, மாநிலப் பிரச்சினைகள் அடிபட்டுப் போகுமா? தமிழகத்தில் 1967, 1971, 1984, 1991, 1996 ஆண்டுகளில் இரண்டு தேர்தலும் சேர்ந்தே நடந்தன, ஒவ்வொரு முறையும் ஒரே அணிதான் இரண்டிலும் வென்றது. இதைப் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். ஒடிசாவில் 2019-ல் சேர்ந்து நடந்தபோது சட்டமன்றத்தில் பிஜு ஜனதா தளம் 112 இடங்களை அள்ளியது, மக்களவையில் 21-க்கு 12-தான், பா.ஜ.க. 8 இடங்களைப் பிடித்தது. இதைப் பார்த்தால் இல்லை என்று தோன்றும். நடுநிலைக் குறிப்பு இரண்டையும் சொல்லும், கூடவே ஒரு விஷயத்தையும் சொல்லும்: தமிழகத்தில் ஒரே அணி வென்றதற்குக் காரணம் சேர்ந்து நடந்ததுதானா, அந்தந்த ஆண்டு அலையா என்பதை இந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 1984-ல் இந்திரா காந்தி கொலை, 1991-ல் ராஜீவ் காந்தி கொலை, இவற்றை ஒதுக்கிவிட்டு அந்த முடிவுகளைப் படிக்கவே முடியாது.

இனி எழுத வேண்டியதுதான்

சபையில் சிறிய கட்சி உறுப்பினருக்குப் பேச ஒதுக்கப்படும் நேரம் சில நிமிடங்கள். அதனால் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டவே கூடாது. முதல் பத்தியில் மசோதா என்ன செய்கிறது, அடுத்து இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பிறகு மூன்று அல்லது நான்கு முக்கியக் கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தரப்பின் வாதம், ஆதாரம், ஆவணத்தின் பெயரும் பக்க எண்ணும். உரிச்சொற்களை வெட்டுங்கள். "வரலாற்றுச் சிறப்புமிக்க", "கொடூரமான" இரண்டும் ஒரே குப்பைத்தொட்டிக்குத்தான் போக வேண்டும். சாட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் சுருக்கம் கேட்டிருந்தால் ஒவ்வொரு பிரிவு எண்ணையும் மசோதாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாத உட்பிரிவைத் தெம்பாகச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு.

எழுதி முடித்ததும், இந்த விஷயத்தில் உங்களுக்கு நேர் எதிராக நினைக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டி, "உன் தரப்பை நான் ஒழுங்காச் சொல்லியிருக்கேனா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் திருத்தம் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், உங்களை மாற்ற முயன்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

புதியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: கொறடா உத்தரவு போட்டால் எம்.பி. கட்சி சொன்ன பக்கம்தானே வாக்களிக்கப் போகிறார், 1985-லிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? வாக்கு ஒரு நாள் விஷயம். அதற்கு முன்னால் குழுவில் அதிகாரியிடம் கேட்கும் கேள்வி, கேள்வி நேரத்தில் எழுத்துமூலம் வாங்கும் பதில், ஒரு பிரிவுக்குக் கொடுக்கும் திருத்தம், கட்சிக் கூட்டத்துக்குள் சொல்லும் எச்சரிக்கை என்று நிறைய இருக்கின்றன, அவற்றில் எதையும் கொறடா எழுதிக் கொடுப்பதில்லை. அந்த 82ஏ பிரிவில் தேர்தல் ஆணையத்துக்குத் தரும் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதுவதற்கு, மசோதாவை ஆதரிப்பவராகவும் இருக்கலாம், எதிர்ப்பவராகவும் இருக்கலாம்.

குறிப்பின் தலையில் தேதி போட மறக்காதீர்கள். மசோதாவின் நிலை மாறும், கூட்டுக்குழு அறிக்கை வரும், பிரிவுகள் திருத்தப்படும். பி.ஆர்.எஸ். பக்கத்தில் மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று போட்டிருக்கும், விவாதத்துக்கு முந்தைய இரவு அதை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அச்செடுங்கள், இரண்டு பிரதி.